கண்ணை மூடினால் கால் ஏன் தடுமாறுகிறது?

வாஷ்பேசின் முன் நின்று முகத்தில் சோப்பு போட்டுக்கொண்டு கண்ணை மூடுகிறீர்கள். குனிந்த உடல் மெல்ல முன்னால் சாய்கிறது. நெற்றி குழாயில் இடிக்கப்போகும் நேரத்தில் கை தாவிப்போய் விளிம்பைப் பிடிக்கிறது. தலைசுற்றல் என்றுதான் பலரும் நினைத்துக்கொள்கிறார்கள். பாதம் மரத்துப்போனவர்களுக்கு இது தலையில் உள்ள கோளாறால் வருவதில்லை. பாதத்திலிருந்து வர வேண்டிய செய்தி நின்றுபோய் நாளாகிவிட்டது. கண்கள்தான் அதை ஈடுகட்டிக்கொண்டிருந்தன. கண்ணை மூடிய கணத்தில் அந்தக் குறை வெளியே தெரிந்துவிட்டது.

19ஆம் நூற்றாண்டில் பெர்லினில் இருந்த நரம்பியல் மருத்துவர் மோரிட்ஸ் ரோம்பெர்க் இதைக் கவனித்து எழுதிவைத்தார். கால்களைச் சேர்த்து நிற்க வைத்துக் கண்ணை மூடச் சொன்னால், உணர்விழந்த கால்களை உடையவர் ஆடத் தொடங்குவார். இன்றும் மருத்துவர்கள் செய்கிற இந்தச் சோதனைக்கு அவர் பெயர்தான். வீட்டில் தனியாக இதைச் செய்து பார்க்க வேண்டாம்.

அசையாமல் நிற்கிறோம் என்று நாம் நினைத்தாலும், உடல் கணுக்காலை அச்சாகக் கொண்டு முன்னும் பின்னும் ஓயாமல் ஆடிக்கொண்டேதான் இருக்கிறது. ஒவ்வொரு சாய்வையும் கெண்டைக்கால் தசைகள் இழுத்துப் பிடித்து நேராக்குகின்றன. எப்போது, எவ்வளவு இழுக்க வேண்டும் என்பதை மூளை மூன்று வழிகளில் தெரிந்துகொள்கிறது: கண், உட்காது, பாதமும் கணுக்காலும். உறுதியான தரையில் நிற்கும்போது மூளை அதிகம் நம்புவது மூன்றாவதைத்தான். எடை குதிகாலில் இருக்கிறதா, விரல்களுக்கு நகர்ந்துவிட்டதா என்று பாதத்தோல் சொல்கிறது. கணுக்கால் எவ்வளவு மடங்கியிருக்கிறது என்று தசைகளுக்குள் இருக்கும் உணரிகள் சொல்கின்றன. இந்தச் செய்தி மங்கும்போதுதான் ‘மெத்தை மேல் நடப்பதுபோல் இருக்கிறது’ என்கிறார்கள். செருப்பு கழன்றுபோனதுகூடத் தெரியாமல் பத்தடி நடந்துவிடுவதும் இப்படித்தான்.

மரப்பு ஏன் பெரும்பாலும் கால்விரல்களிலேயே தொடங்குகிறது? கால்விரலின் உணர்வைச் சுமக்கும் நரம்புச் செல்லின் உடல் இடுப்புக்கு அருகே, முதுகெலும்பை ஒட்டி இருக்கிறது. அங்கிருந்து விரல் நுனிவரை ஓடும் இழை ஏறக்குறைய ஒரு மீட்டர் நீளம். இழைக்கு வேண்டிய புரதங்களில் பெரும்பகுதி செல் உடலில்தான் தயாராகிறது. அவற்றில் சில நாளுக்கு ஓரிரு மில்லிமீட்டர்தான் நகரும். முனைக்குப் போய்ச் சேர ஓராண்டுக்கு மேலும் ஆகலாம். வாய்க்காலில் தண்ணீர் குறைந்தால் முதலில் காய்வது கடைமடை வயல்தானே. உடலுக்குக் கடைமடை கால்விரல். மரப்பு மெல்ல ஏறி முழங்காலை எட்டும் சமயத்தில்தான் கைவிரல் நுனிகள் மரக்கத் தொடங்குவது வழக்கம். முழங்கால்வரை ஓடும் இழையும் கைவிரல் நுனிவரை ஓடும் இழையும் கிட்டத்தட்ட ஒரே நீளம்தான்.

பலருக்குக் காரணம் சர்க்கரை நோய். மது, சிறுநீரகக் கோளாறு, சில புற்றுநோய் மருந்துகள் என்று பட்டியல் நீளும். வைட்டமின் பி12 குறைவை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். ஓர் இரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும், சரிசெய்யவும் முடியும். சர்க்கரை நோய்க்காக ஆண்டுக்கணக்கில் மெட்ஃபார்மின் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு அது குறைய வாய்ப்பு அதிகம். சர்க்கரை இருக்கிறதே, அதனால்தான் என்று முடிவுகட்டிவிட்டு இதைப் பார்க்காமல் விடுவது பெரிய தவறு. பாத எரிச்சலுக்குத் தரும் மாத்திரைகள் வலியைக் குறைக்குமே தவிர மரப்பை மாற்றாது. சில மாத்திரைகள் தள்ளாட்டத்தைக் கூட்டவும் செய்யும். சில நாட்களுக்குள் மரப்பும் பலவீனமும் மளமளவென மேலே ஏறினாலோ, சிறுநீர் கட்டுப்பாடு தவறினாலோ, அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

போன உணர்வு பலருக்கு முழுதாகத் திரும்புவதில்லை. ஆனால் விழாமல் நடக்க மூளைக்குத் தேவை செய்தி. அது பாதம் வழியாகத்தான் வர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. 1990களில் நடந்த சோதனைகளில், நிற்பவர் ஒரு விரல் நுனியால் உறுதியான ஒரு பொருளை லேசாகத் தொட்டாலே உடலின் ஆட்டம் வெகுவாகக் குறைந்தது. தொடுகையின் அழுத்தம் 100 கிராம் எடைக்கும் குறைவு. அது உடலைத் தாங்கப் போதாது. விரல் தந்தது தாங்கலை விடவும் தகவலை: நீ இந்தப் பக்கம் சாய்கிறாய் என்ற தகவல். கைத்தடியைப் பற்றி என் எண்ணத்தை மாற்றியது இதுதான். கால் நரம்பு தளர்ந்தவருக்குக் கைநரம்பு பெரும்பாலும் நன்றாகவே இருக்கிறது. தரை சரிவா, மேடா, வழுக்குகிறதா என்பதைத் தடி உள்ளங்கைக்குச் சொல்லிவிடுகிறது.

கண்ணுக்கும் இப்போது வேலை அதிகம். 1971இல் ஒரு தொற்றுக்குப் பிறகு, 19 வயது பிரிட்டிஷ் இளைஞர் ஒருவர் கழுத்துக்குக் கீழே தொடுவுணர்வையும் உறுப்புகள் எங்கே இருக்கின்றன என்ற உணர்வையும் முழுவதுமாக இழந்தார். தசைகளின் வலு மட்டும் போகவில்லை. கால்களைக் கண்ணால் பார்த்துப் பார்த்தே அவர் மறுபடி நடக்கக் கற்றுக்கொண்டார். பார்வை மறைந்தால் நிலைகொள்ள முடியாது. மரத்த பாதம் உள்ளவருக்கும் இதே கதைதான், அளவில் சிறியது. அதனால் படுக்கையிலிருந்து கழிப்பறைவரை இரவு விளக்கு எரிய வேண்டும். முகம் கழுவும்போது ஒரு கை பேசின் விளிம்பில் இருக்கட்டும். நடை முன்புபோல் தானாக நடப்பதில்லை, கவனத்தைக் கேட்கிறது. போனில் பேச வேண்டுமென்றால் நின்று பேசுங்கள். சிறிது தூரம் நடந்ததுமே வரும் களைப்புக்கும் இந்தக் கவனச் செலவு ஒரு காரணம். அதைச் சோம்பல் என்று வீட்டில் யாரும் சொல்லிவிட வேண்டாம்.

காலணி விஷயத்தில் ஒரு முரண் இருக்கிறது. மெத்தென்ற தடித்த அடிப்பகுதி இதமாக இருக்கும், ஆனால் மிச்சமிருக்கும் உணர்வையும் விழுங்கிவிடும். வெறுங்காலில் தரையை நன்றாக உணரலாம், ஆனால் குத்திய முள் தெரியாது. தெரியாத காயம் புண்ணாகிவிடும். உறுதியான, அதிகத் தடிமனில்லாத அடிப்பகுதியும் குதிகாலைப் பிடிக்கும் பின்பட்டையும் உள்ள காலணிதான் என் தேர்வு. போடுமுன் உள்ளே கைவிட்டுத் தடவிப் பாருங்கள். பாதத்தின் அடியைத் தினமும் கண்ணாடி வைத்துப் பாருங்கள். வெந்நீரின் சூட்டை முழங்கையால் பாருங்கள், காலால் வேண்டாம்.

பயிற்சியால் நரம்பு வளர்ந்துவிடாது. ஆனால் மீதமுள்ள செய்தியை வைத்துக்கொண்டு சமாளிக்க மூளை பழகும், தசை வலுக்கும். காலில் புண் இருந்தால் முதலில் அது ஆறட்டும். பிசியோதெரபிஸ்ட் ஒருமுறை பார்த்துச் சொன்ன பிறகு, சமையல் மேடைக்கு முன்னால் நின்று தொடங்கலாம். பின்னால் ஒரு நாற்காலி இருக்கட்டும். முதல் வாரம் இரண்டு உள்ளங்கைகளையும் மேடைமேல் வைத்துக் குதிகாலை உயர்த்தி இறக்குங்கள். பிறகு ஒரு கை. பிறகு ஒரு விரல். விரலையும் எடுக்கத் துணிவு வரும் நாளில் அதை மேடைக்கு ஓர் அங்குலம் மேலேயே நிறுத்தி வையுங்கள்.