அம்மிச்சியும் ஏறும் ரோலர் கோஸ்டர்

மேட்டுப்பாளையத்திலிருந்து கிளம்பும் ஊட்டி ரயில், கல்லாறு தாண்டியதும் தண்டவாளத்துக்கு நடுவே இருக்கும் பல்வரிசையைப் பிடித்துக்கொண்டு மலை ஏறும். 1899-இல் குன்னூர் வரை ஓடத் தொடங்கிய அந்த ரயிலுக்கு ஏறவும் எஞ்சின் வேண்டும், இறங்கவும் வேண்டும். ரோலர் கோஸ்டர் வண்டியில் எஞ்சினே கிடையாது. தரையில் இருக்கும் மோட்டார் ஒரு சங்கிலியை இழுக்க, வண்டி முதல் மேட்டில் ஏறுகிறது. அங்கே சேர்ந்த உயரம்தான் கடைசிவரைக்கும் அதற்கு எரிபொருள்.

ஏறும்போது கேட்கும் 'டக் டக்' சத்தத்தைப் பலர் பழுது என்று நினைத்துப் பயப்படுகிறார்கள். அது பாதுகாப்பின் சத்தம். வண்டியின் அடியில் இருக்கும் இரும்பு நாக்கு, தடத்திலுள்ள பற்களில் ஒவ்வொன்றாக விழுந்து எழுகிறது. சங்கிலியே அறுந்தாலும் வண்டி பின்னால் உருளாது.

பிள்ளைகளோடு பூங்காவுக்கு வரும் பெரியவர்கள் பலர், பைகளைக் காத்துக்கொண்டு கீழேயே நின்றுவிடுகிறார்கள். குடும்ப ரோலர் கோஸ்டர் என்றால் பெரிய ராட்டினங்களின் சிறுபிள்ளை வடிவம் என்று ஓர் எண்ணம். வரலாறு அப்படி இல்லை. 1884-இல் நியூயார்க்கின் கோனி ஐலண்டில் லாமார்கஸ் தாம்சன் ஓட்டிய வண்டியின் வேகம் மணிக்குச் சுமார் 10 கிலோமீட்டர்தான். கட்டணம் 5 சென்ட். மறுமுனையில் பயணிகள் இறங்கிக்கொள்வார்கள். வேலையாட்கள் வண்டியை அடுத்த மேட்டுக்குத் தள்ளி ஏற்றுவார்கள். அதற்கும் முன்னால் ரஷ்யாவில் பனிச்சறுக்கு மேடைகள் இருந்தன. பென்சில்வேனியாவில் 1827 முதல் மலையிலிருந்து நிலக்கரி இறக்கிய ரயிலில் பிற்பாடு மக்கள் காசு கொடுத்துப் பயணம் செய்தார்கள். எல்லோரும் ஏறுகிற மாதிரி இருந்ததுதான் முதல் வடிவம். பயமுறுத்தும் வகை அப்புறம் வந்தது: தடத்துக்கு அடியிலும் சக்கரம் வைத்து, வண்டி மேலே எழும்பாமல் பிடித்து நிறுத்தும் முறைக்கு ஜான் மில்லர் 1919-இல் காப்புரிமை பெற்றார். அதன் பிறகே செங்குத்தான சரிவுகளைத் துணிந்து கட்ட முடிந்தது.

சரி, குடும்ப வண்டி மென்மையாக ஓடுவது எப்படி? உராய்வை விட்டுவிட்டால், 10 மீட்டர் இறக்கம் மணிக்கு 50 கிலோமீட்டர் வேகம் தரும். 100 கிலோமீட்டர் வேண்டுமென்றால் 40 மீட்டர் இறக்கம் தேவை. ஆனால் வயிற்றைப் பிசைவது வேகம் மட்டுமல்ல, வளைவும்கூட. மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்தில் 5 மீட்டர் ஆரமுள்ள மேட்டைக் கடந்தால் உச்சியில் நம் எடை முழுக்கக் காணாமல் போகும். அதே மேட்டை 10 மீட்டர் ஆரத்தில் அகலமாகக் கட்டினால் பாதி எடைதான் குறையும். உடல் அதைச் சுகமாகவே உணரும். இந்த ஆரத்தைத் தீர்மானிப்பதில்தான் வடிவமைப்பாளரின் திறமை இருக்கிறது. உயரமான கோபுரம் எழுப்புவதைவிட இது எனக்குப் பெரிய வேலையாகத் தெரிகிறது.

எஞ்சின் இல்லாததால் காற்றும் கணக்கில் சேரும். பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆடியில் கோவைப் பக்கம் வீசும் காற்று எதிர்த்து அடித்தால், வண்டி அடுத்த மேட்டை அடையும்போது வேகம் குறைந்திருக்கும். ஆள் நிறைந்த வண்டி அவ்வளவு தளராது. எடை கூடினாலும் காற்றின் எதிர்ப்பு அதே அளவுக்குக் கூடுவதில்லை.

முதல்முறை ஏறும் அம்மிச்சியை (அம்மாவின் அம்மாவை) நடுப்பெட்டியில் உட்காரவையுங்கள். கடைசிப் பெட்டி உச்சிக்கு வரும்போது முன்பெட்டிகள் ஏற்கெனவே சரிவில் இறங்கி அதை வெடுக்கென்று இழுக்கும். நடுப்பெட்டி உச்சியைக் கடக்கும் நேரத்தில்தான் மொத்த வண்டியின் வேகமும் மிகக் குறைவாக இருக்கும்.