களைத்த தசையில் இறங்கும் சுருதி

ஆய்வுக்கூடத்தில் ஒருவர் மூச்சிரைக்கச் சைக்கிள் மிதிக்கிறார். தொடையில் மின்சாரத்தை உணரும் சின்னச் சின்ன வில்லைகள் ஒட்டியிருக்கின்றன. "அதை வைத்துக் களைப்பை எப்படி அளக்கிறார்கள்? களைப்பு மனசில் அல்லவா இருக்கிறது?" என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். மனசிலும் இருக்கிறது. ஆனால் தசையில் அது அழகான ஒரு தடத்தை விடுகிறது.

நரம்பு வழியே உத்தரவு வர, தசை இழை நெடுக மின் அலை ஓடி, இழை சுருங்குவது பள்ளியில் படித்ததுதான். அந்த மின்சாரம் கொஞ்சம் தோல் வரை கசியும். மிஞ்சிப்போனால் சில மில்லிவோல்ட். 19ஆம் நூற்றாண்டில் ஜெர்மன் உடலியலாளர் எமில் டு புவா-ரேமோன் இதைப் பிடிக்கத் தன் கைத்தோலில் கொப்புளம் எழுப்பி, அந்தத் தோலை உரித்துவிட்டு அளந்தார்! இன்று முடியை மழித்து, ஸ்பிரிட்டால் துடைத்து, வில்லையை ஒட்டினால் போதும். ஈஎம்ஜி எனப்படும் தசை மின்பதிவு இதுதான்.

இனிதான் எனக்கு மிகவும் பிடித்த இடம். இழையில் அலை நொடிக்குச் சுமார் 4 மீட்டர் ஓடுகிறது என்று வையுங்கள். வில்லைகளுக்கு நடுவே 2 செ.மீ. தூரம்; கடக்க 5 மில்லிநொடி. ஒவ்வொரு அலையின்போதும் சோடியம் இழைக்குள் நுழைகிறது, பொட்டாசியம் வெளியேறுகிறது. விடாமல் மிதித்தால் வெளியேறிய பொட்டாசியத்தை உள்ளே இழுத்துப்போட நேரமில்லை. அது இழையைச் சுற்றித் தேங்க, சோடியம் நுழையும் வாசல்களில் பல திறக்க மறுக்கின்றன. அலை தளர்கிறது. வேகம் 3 மீட்டராக இறங்கினால் அதே 2 செ.மீ.க்குக் கிட்டத்தட்ட 7 மில்லிநொடி. மெதுவாகப் போகும் ரயில் கேட்டைக் கடக்க அதிக நேரம் எடுப்பதுபோல, பதிவில் அலை அகலமாகிறது. அகன்ற அலை என்றால் குறைந்த அதிர்வெண். அதாவது, களைக்கக் களைக்கத் தசையின் சுருதி இறங்குகிறது! ஊசி குத்தாமல், பொட்டாசியத்தின் தேக்கத்தைத் தோலுக்கு மேலிருந்தே மோப்பம் பிடிக்கிறோம்.

மறுநாள் வரும் கால்வலிக்கு லாக்டிக் அமிலத்தைக் காரணம் காட்டுவதை மட்டும் தயவுசெய்து விட்டுவிடுவோம். மிதித்து முடித்து ஓரிரு மணி நேரத்தில் அது பழைய அளவுக்கு வந்துவிடும். மறுநாள் வரை காத்திருக்காது.

சரி, சுருதியை மட்டும் பார்த்தால் போதுமா? சைக்கிளில் போதாது. முழங்கால் மடங்கி நீளும்போது வில்லைக்கு அடியில் தசையே நகர்கிறது. அதனால் ஒவ்வொரு சுற்றிலும் பெடலை அழுத்தும் அதே கட்டத்தை வெட்டியெடுத்து ஒப்பிடுகிறார்கள். இன்னொரு சிக்கல், சூடு. தசை சூடானால் அலை வேகமாகும். இறங்க வேண்டிய சுருதியை அது மேலே இழுத்துவிடும். கால் துவண்டிருக்கும்போதும் சில நேரம் அதிர்வெண் அசையாமல் நிற்பது இதனாலும்தான். அப்போது பதிவின் உயரம் கைகொடுக்கிறது. பெடலில் அதே 200 வாட்தான், ஆனால் பழைய இழைகள் தளர்ந்ததால் மூளை புதிய இழைகளை வேலைக்கு இழுத்திருக்கிறது. திரையில் கோடு நிமிடத்துக்கு நிமிடம் தடித்துக்கொண்டே போகும்.