இருசக்கர வாகனத்தின் முகப்பு விளக்கு: விதி கேட்பதும் சுவரில் அளப்பதும்

மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989இன் 105ஆவது விதிப்படி, சூரியன் மறைந்து அரை மணி நேரம் கழிந்ததிலிருந்து உதயத்துக்கு அரை மணி நேரம் முன்பு வரையிலும், வெளிச்சம் போதாத பிற வேளைகளிலும், சாலையில் ஓடும் வாகனத்தின் விளக்கு 155 மீட்டர் தூரத்திலுள்ள ஆளையும் வாகனத்தையும் தெளிவாகக் காட்ட வேண்டும். எதிரே வாகனம் வரும்போது லோ பீமுக்கு, அதாவது தாழ்ந்து விழும் டிம் வெளிச்சத்துக்கு, மாற்ற வேண்டும் என்பது 2017ஆம் ஆண்டின் வாகன ஓட்டும் ஒழுங்குமுறைகளின் கட்டளை. நமக்கும் தெரிய வேண்டும், எதிரில் வருபவர் கண்ணும் கூசக் கூடாது என்ற இரண்டையும் ஒரே விளக்கு செய்தாக வேண்டும். விளக்கு சற்றே மேல்நோக்கித் திரும்பியிருந்தால், நாம் ஒழுங்காக டிம் போட்டும் பயனில்லை. லோ பீமே எதிரில் வருபவர் முகத்தில் அடிக்கும். 2017 ஏப்ரல் 1 முதல் புதிய இருசக்கர வாகனங்களில் இன்ஜின் ஓடும்போதெல்லாம் விளக்கு தானே எரிவதால், அதை அணைத்துவிடவும் வழியில்லை.

இந்தக் கோணத்தை யார் சோதிக்கிறார்கள்? லாரி, ஆட்டோ போன்ற போக்குவரத்து வாகனங்கள் குறித்த காலத்தில் தகுதிச் சான்றுக்குப் போகின்றன. அங்கே முகப்பு விளக்கும் பார்க்கப்படும். சொந்த பைக்குக்கு அப்படியொரு சோதனை இல்லை. தண்டையார்பேட்டையில் ‘டிஎன் 03’ எண் பெற்ற வண்டியின் பதிவு 15 ஆண்டுகள் செல்லும். அதன் பிறகு படிவம் 25 கொடுத்துப் பதிவைப் புதுப்பிக்கும்போதுதான் அது மீண்டும் ஆய்வுக்கு நிற்கிறது. இடைப்பட்ட காலம் முழுவதும் பொறுப்பு உரிமையாளருடையது என்பதைப் பலர் உணர்வதில்லை என்பதே என் கவலை.

வடசென்னையில் இதற்குத் தனிக் காரணமும் உண்டு. விடியற்காலையில் காசிமேட்டிலிருந்து மீன் எடுத்துச் செல்பவர்கள் பின் இருக்கையில் ஐஸ் பெட்டியைக் கட்டுகிறார்கள். பின்பக்க ஷாக் அப்சார்பர் அமுங்க, முன்பக்கம் நிமிர்ந்து, வெளிச்சம் தரையை விட்டு மேலே ஏறிவிடுகிறது. கன்டெய்னர் லாரிகள் வரிசையாக நிற்கும் எண்ணூர் விரைவுச் சாலையில் அந்த வெளிச்சம் கண்ணில் பட்டால், ஓரமாக நிற்கும் டிரெய்லரின் பின்புறம் இருட்டோடு இருட்டாக மறைந்துவிடும்.

சரிபார்க்க ஒரு சுவரும் சாக்பீஸும் போதும். முதலில் டயர்களில் சரியான காற்று இருக்க வேண்டும். சமமான தரையில், விளக்கிலிருந்து சுவர் 5 மீட்டர் தூரத்தில் இருக்கும்படி வண்டியை நேராக நிறுத்தி, ஸ்டாண்டை எடுத்துவிட்டு, வழக்கமாக ஓட்டுபவர் மேலே உட்கார வேண்டும். தினமும் சுமை ஏற்றுபவர் அந்தச் சுமையோடுதான் அளக்க வேண்டும், வெறும் வண்டியில் அளந்தால் கணக்குத் தவறும். தரையிலிருந்து விளக்கின் நடுப்புள்ளி வரை உள்ள உயரத்தை அளந்து, அதே உயரத்தில் சுவரில் கோடு போடுங்கள். லோ பீமின் மேல்விளிம்பு அந்தக் கோட்டுக்கு 5 முதல் 10 சென்டிமீட்டர் கீழே விழ வேண்டும். விளக்கு 90 சென்டிமீட்டர் உயரத்தில் இருந்தால், 5 சென்டிமீட்டர் இறக்கத்தில் அந்த விளிம்பு 90 மீட்டரில் தரையைத் தொடும். 10 சென்டிமீட்டர் இறக்கத்தில் 45 மீட்டரிலேயே தொட்டுவிடும். தயாரிப்பாளரின் கையேட்டில் வேறு அளவு இருந்தால் அதையே பின்பற்றுங்கள். வெளிச்சம் வலப்பக்கம் சாயாமல் இருப்பதும் முக்கியம், ஏனெனில் எதிர்வண்டி வருவது அந்தப் பக்கம்தான்.

பல வண்டிகளில் விளக்குக்குக் கீழே ஒரு திருகு இருக்கும். சிலவற்றில் இரு பக்கத்து போல்ட்டுகளைத் தளர்த்தி விளக்கையே சாய்க்க வேண்டும். கால் சுற்று திருப்பி, சுவரைப் பார்த்து, பிறகு அடுத்த கால் சுற்று திருப்புவதே நல்லது.

35 வாட் ஹாலஜனுக்காகச் செய்த விளக்கில் கடையில் விற்கும் எல்இடி பல்பைப் பொருத்தினால், ஒளி பிறக்கும் இடம் மாறி வெளிச்சம் சிதறும்; எந்தத் திருகாலும் அதைச் சரிசெய்ய முடியாது. விளக்கின் கண்ணாடி நடுவே ஒட்டும் கறுப்பு ஸ்டிக்கரும் கோணத்தை மாற்றாது. விளக்கு விதியை மீறினால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 177ஆவது பிரிவில் முதல் முறை 500 ரூபாய் வரையிலும், அடுத்தடுத்த முறைகளில் 1,500 ரூபாய் வரையிலும் அபராதம் உண்டு.

சுவரில் சரிசெய்தபின் அன்றிரவே ஒருமுறை சாலையில் பாருங்கள். மூலக்கடை சிக்னலில் முன்னால் ஒரு கார் நிற்கும்போது, உங்கள் லோ பீம் அதன் பின்கண்ணாடிக்குக் கீழேயே நின்றால் கோணம் சரியாக உள்ளது. கண்ணாடிக்குள் ஏறினால் திருகை இன்னும் கால் சுற்று திருப்ப வேண்டும்.