சர்க்கரையை இறக்கும் மார்புக் கட்டி

சர்க்கரை நோயே இல்லாத ஒருவருக்கு அதிகாலையில் வியர்த்துக் கொட்டுகிறது, பேச்சு குழறுகிறது. பரிசோதித்தால் ரத்தத்தில் சர்க்கரை மிகக் குறைவு. சரி, கணையம் இன்சுலினைக் கூடுதலாகச் சுரக்கிறதோ என்று பார்த்தால் இன்சுலினும் குறைவுதான். அபூர்வமாக, இதற்குக் காரணம் மார்புக்குள் இருக்கும்.

நுரையீரலைச் சுற்றி ப்ளூரா என்ற மெல்லிய இரட்டை உறை உண்டு. அதில் எப்போதாவது ஒரு நார்க்கட்டி முளைக்கும். பெரும்பாலும் புற்றுநோய் அல்ல. மெதுவாக வளர்வதால் நுரையீரல் ஒதுங்கி இடம் விட்டுக்கொண்டே போகும். பல வருடம் ஒன்றும் தெரியாது. வேறு எதற்கோ எடுத்த எக்ஸ்ரேயில் அகப்படுவதும் உண்டு. இவற்றில் நூற்றுக்கு ஐந்துக்கும் குறைவானவையே, இன்சுலினைப் போல வேலை செய்யும் ஐ.ஜி.எஃப்.-2 என்ற புரதத்தைச் சுரந்து சர்க்கரையை இறக்குகின்றன. 1930-இல் டோகே, பாட்டர் என்ற இரு மருத்துவர்கள் தனித்தனியே இதைக் கவனித்து எழுதினார்கள்.

மார்புக் கட்டிகளில் இருக்கும் இடமே பாதி விடையைச் சொல்லிவிடும். முதுகெலும்பை ஒட்டியிருந்தால் நரம்புக் கட்டியாக இருக்கலாம். நெஞ்செலும்புக்குப் பின்னால் என்றால் தைமஸ் சுரப்பியைச் சேர்ந்ததோ, உள்ளே மயிரும் பல்லும்கூட இருக்கக்கூடிய டெரட்டோமா என்ற கட்டியோ. ப்ளூரா கட்டியோ சில சமயம் காம்பில் தொங்கும். நோயாளி புரண்டு படுத்தால் ஸ்கேனில் இடம் மாறித் தெரியும்! உறுதிசெய்ய ஊசியால் திசு எடுத்து ஸ்டாட்-6 என்ற புரதத்தைத் தேடுவார்கள். இரண்டு மரபணுக்கள் ஒட்டிக்கொள்வதே இந்தக் கட்டிக்கு மூலம் என்று 2013-இல் தெரிந்த பிறகு வந்த சோதனை இது.

அறுவை சிகிச்சையின்போது மூச்சுக்குழாயில் இருவழிக் குழாய் செலுத்தி ஒரு நுரையீரலுக்கு மட்டும் காற்று தருவார்கள். மற்றது சுருங்கினால்தான் கைவேலைக்கு இடம். கட்டி சிறியதென்றால் விலா இடுக்கில் இரண்டு மூன்று துளைகள் போதும். காம்பைச் சுற்றியுள்ள நல்ல திசுவையும் கொஞ்சம் சேர்த்து ஸ்டேப்ளரால் வெட்டி, பைக்குள் போட்டு வெளியே எடுப்பார்கள். பை எதற்கு? செல்கள் உதிர்ந்தால் துளை வழியிலேயே மறுபடி முளைக்கலாம். பெரிய கட்டிக்கு மார்பைத் திறந்தாக வேண்டும். கட்டிக்கு ரத்தம் தரும் குழாய்களை முன்கூட்டியே அடைத்துவிடுவதும் உண்டு.

கட்டி வெளியே வந்ததும் சர்க்கரை ஏறத் தொடங்கும், குளுக்கோஸ் ட்ரிப்பைக் குறைக்க வேண்டிவரும். ஆனாலும் ‘தீங்கற்ற’ என்ற சொல்லை நான் முழுதாக நம்பமாட்டேன். பத்து வருடம் கழித்தும் திரும்பி வந்த கட்டிகள் உண்டு. அதனால் தையல் பிரித்த பிறகும் ஸ்கேன் எடுப்பது வருடக்கணக்கில் தொடரும்.