வேகமாற்றி அன்று, பல்லிணைக்கோல்

பழைய கார்களைப் பற்றிய தமிழாக்கங்களில் கியர் லீவரை 'வேகமாற்றி' என்று எழுதும் வழக்கம் பெருகி வருகிறது. கேட்பதற்குத் தமிழாக இருப்பதாலேயே அதை ஏற்றுக்கொள்ள முடியாது. அந்தக் கருவி செய்யாத வேலையை அதன் பெயராகச் சூட்டுவது பிழை. பல்லிணைக்கோல் என்பதே அதற்குப் பொருந்தும்.

கியர் என்பது ஸ்காண்டிநேவியாவின் பழைய நோர்ஸ் மொழியின் 'கெர்வி' என்னும் சொல்வழி வந்தது. உடை, கருவி, தளவாடம் என்பனவே அதன் பழம்பொருள். பற்சக்கரம் என்னும் பொருள் 16ஆம் நூற்றாண்டில் ஏறியது. லீவர், உயர்த்துதலைக் குறிக்கும் லத்தீன் வினையின் வழித்தோன்றல். இரண்டிலும் வேகம் என்ற கருத்து இல்லை.

பிறகு அது எங்கிருந்து வந்தது? நான்கு கியர் கொண்ட பெட்டியை ஆங்கிலத்தில் 'ஃபோர் ஸ்பீடு' என்பார்கள். அதைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தவர்கள் 'நான்கு வேகப் பெட்டி' என்றார்கள். அதை இயக்கும் கோல் வேகமாற்றி ஆகிவிட்டது. ஆனால் எந்தக் காரும் நான்கே வேகங்களில் ஓடுவதில்லை. மணிக்கு 40 கிலோமீட்டரில் செல்லும் ஃபோக்ஸ்வாகன் பீட்டில், மூன்றாம் கியரிலும் செல்லும், நான்காம் கியரிலும் செல்லும். மாறுவது எஞ்சினின் சுழற்சிக்கும் சக்கரத்தின் சுழற்சிக்கும் உள்ள விகிதம். 1960களின் பீட்டிலில், கியர் பெட்டிக்குள் மட்டும் பார்த்தால், முதல் கியரின் விகிதம் ஏறத்தாழ 3.8, நான்காவதன் விகிதம் ஏறத்தாழ 0.89. வேகத்தைக் கூட்டுவதும் குறைப்பதும் முடுக்கியை மிதிக்கும் காலின் வேலை. 1952க்கு முந்தைய பீட்டில்களில் கியர்களை ஒத்திசைக்கும் அமைப்பு இல்லை. கீழ்க் கியருக்கு இறங்கும் ஓட்டுநர் கிளட்சை இருமுறை மிதித்து, இடையில் எஞ்சின் சுழற்சியைக் காலால் ஏற்றி, வண்டியின் வேகத்தோடு ஒப்ப வைத்த பிறகே கோலைத் தள்ளினார். வேகத்தை முதலில் ஒத்துவரச் செய்தால்தான் நகரும் ஒரு கருவிக்கு வேகமாற்றி என்று பெயரிட்டவர், அந்த இருக்கையில் ஒருமுறையேனும் அமர்ந்திருப்பாரா?

இதைவிடப் பெரிய இடர், வேலையின்போது வருகிறது. பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் பீட்டிலின் கார்புரேட்டரில், வண்டி நிற்கும்போது எஞ்சின் ஓடும் வேகத்தைத் திருத்த ஒரு திருகு இருக்கிறது. அங்கே வேகம் என்ற சொல் முற்றிலும் பொருந்தும். கியர் லீவரின் நிலையைத் திருத்தச் சொல்லும் குறிப்பில் 'வேகமாற்றியைச் சரிசெய்க' என்று படிப்பவர், எஞ்சின் இருக்கும் பின்புற மூடியைத் திறந்து அந்தத் திருகைத் தேடுவார். 'சரிசெய்க' என்பதும் குழப்பமே. அது பழுது நீக்குவதையும் குறிக்கும். இங்கே எதுவும் பழுதாகவில்லை. கோலின் நிலையைத் திருத்த வேண்டும், அவ்வளவுதான்.

பல்லிணை என்னும் சொல் நம்மிடம் முன்பே இருக்கிறது. தனியே நிற்பது பற்சக்கரம். இலங்கைப் பாடநூல்களில் பற்சில்லு. இரண்டு சக்கரங்களின் பற்கள் கோத்து நிற்பது பல்லிணை. காரில் 'இரண்டாம் கியர்' என்பது ஒற்றைச் சக்கரமன்று, ஓர் இணை. ஆகவே 'இரண்டாம் பல்லிணை' என்பது கியரைவிடத் தெளிவாகவே பேசுகிறது. 'கியர் விழவில்லை' என்னும் பட்டறை வழக்கையும் நான் மதிக்கிறேன். பல் தன் இடத்தில் சென்று விழுவதை அந்த வினை அப்படியே சொல்கிறது. கியரை 'நகர்த்தி' என்று எழுதும் மொழிபெயர்ப்பாளர்கள் இதைக் காதுகொடுத்துக் கேட்டிருக்கலாம்.

கோலா, தண்டா, நெம்புகோலா? இயற்பியற்படி நெம்புகோல் சரிதான். ஆனால் நெம்பு என்றவுடன் பலங்கொண்டு கிளப்புவதே நினைவுக்கு வருகிறது. இங்கே பலம் காட்டினால் பெட்டி கெடும். செங்கோல், எழுதுகோல், அளவுகோல் எனக் கையில் பிடிப்பது கோல். தண்டு என்பது எந்திரத்துள் கிடப்பது. பீட்டிலில் இரண்டும் உண்டு. எஞ்சினும் பல்லிணைப் பெட்டியும் பின்னால் இருப்பதால், கோலின் அடிமுனை ஒரு நீண்ட தண்டின் குழியில் அமர்ந்து, அத்தண்டு வண்டியின் நடுவே நீளும் குழாய்க்குள் பின்னோக்கி ஓடுகிறது. இரண்டையும் தண்டு என்றே எழுதினால் எதைத் தளர்த்துவது என்று தெரியாது.

இனி அந்த நிலை திருத்துதலைப் பார்ப்போம். கோலின் அடியில் இரு போல்ட்டுகள். அவற்றின் கீழே தடுப்புத் தகடு. பின்னோக்கிச் செல்ல, கோலை அழுத்தி இடப்புறம் கடத்திப் பின்னே இழுக்க வேண்டும். இரண்டாம் பல்லிணை அதன் பக்கத்திலேயே இருப்பதால், தவறிப் பின்னோட்டத்தில் விழாமல் தடுப்பது இந்தத் தகடே. போல்ட்டுகளைத் தளர்த்தித் தகட்டைச் சிறிதே நகர்த்தி, அழுத்தாதபோது பின்னோட்டம் விழவில்லை, அழுத்தினால் விழுகிறது, மற்ற நான்கும் தடையின்றி விழுகின்றன என்று பார்த்து இறுக்குவதே நிலை திருத்துதல். அதற்கு முன் பின்னிருக்கைக்கு அடியிலுள்ள சிறு மூடியைக் கழற்றி, தண்டின் இணைப்பிலிருக்கும் புஷ் என்னும் சிறு வளையம் தேய்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அது தேய்ந்திருந்தால் தகட்டை எங்கே வைத்தாலும் கோல் ஆடிக்கொண்டேதான் இருக்கும்.