ரெஸான் என்றால் ரெய்சின் இல்லை

பாரிஸ் பக்கத்து ஆஸ்பத்திரிகளில் தமிழ் மொழிபெயர்ப்பாளராக இருக்கிறேன். வைத்தியருக்கும் நோயாளிக்கும் நடுவில் போடப்படும் மூன்றாவது கதிரை என்னுடையது. இருதயம், ஈரல், சத்திரசிகிச்சை என்று வந்தால் எல்லாரும் காதைத் தீட்டிக்கொண்டு கேட்பார்கள், விளங்காவிட்டால் திரும்பக் கேட்பார்கள். பழத்தின் பெயர் வந்தால் மட்டும் யாரும் கேட்பதில்லை. பழம்தானே, தெரியாதா என்ன என்ற நினைப்பு.

சீனி வருத்தம் உள்ள ஓர் அம்மா. முதல் தடவை மகன்தான் கூட்டிவந்து மொழிபெயர்த்திருக்கிறார். மகனுக்கு ஆங்கிலம் நன்றாக வரும், பிரெஞ்சு வேலையிடத்துக்குப் போதுமான அளவு. உணவு ஆலோசகர் 'ரெஸான்' குறைக்கச் சொல்ல, அவர் அதை ரெய்சின் (உலர்ந்த திராட்சை, நாங்கள் 'பிளம்ஸ்' என்பது) என்று எடுத்து, "அம்மா, பிளம்ஸ் சாப்பிடக் கூடாதாம்" என்று சொல்லிவிட்டார். அம்மா பாயாசத்துக்குக்கூட பிளம்ஸ் போடாமல் விட்டிருக்கிறார். ஆனால் செப்டம்பரில் சந்தையில் மலிவாக வந்த முந்திரிகைப்பழத்தை, அதாவது திராட்சையை, குலை குலையாகச் சாப்பிட்டிருக்கிறார். அடுத்த முறை இரத்தப் பரிசோதனையைப் பார்த்து ஆலோசகர் முகம் சுளித்தபோதுதான் என்னைக் கூப்பிட்டார்கள். "அது பழம்தானே பிள்ளை, சீனி போட்டதே?" என்று அம்மா என்னைக் கேட்டார்.

இதில் மகனைக் குற்றம் சொல்ல மாட்டேன். முடிச்சு அப்படி விழுந்திருக்கிறது. ஆங்கிலத்தில் ரெய்சின் என்று வாசிக்கும் அதே எழுத்துகளைப் பிரெஞ்சுக்காரர் ரெஸான் என்று வாசிப்பார்கள். அதற்கு அர்த்தம் காயாத திராட்சை, நாங்கள் யாழ்ப்பாணத்தில் முந்திரிகை என்று சொல்வது. காய்ந்தது 'ரெஸான் செக்'. 'ப்ரூன்' ஆங்கிலத்தில் காய்ந்த பிளம்ஸ் பழம், பிரெஞ்சில் காயாதது. காய்ந்தால் அது 'ப்ரூனோ', மலச்சிக்கலுக்கு வைத்தியர்கள் சொல்வது அதைத்தான். இது போதாதென்று, நாங்கள் இலங்கையில் 'கஜு பிளம்ஸ்' என்று சொல்லும்போது கஜு என்பது முந்திரிப்பருப்பு, பிளம்ஸ் என்பது உலர்ந்த திராட்சை! மூன்று பாஷையும் ஒரே தட்டில் கலந்து கிடக்கிறது. தெரியாத சொல் என்றால் அகராதியைப் பார்ப்போம். தெரிந்தது போல இருக்கிற சொல்லை யார் பார்க்கப் போகிறார்கள்?

ஒவ்வாமை விஷயத்தில் இது இன்னும் மோசம். 'ஃப்ருயி ஆ கோக்' என்பது ஓட்டுக்குள் இருக்கும் பருப்பு வகைகளுக்குப் பொதுப்பெயர். 'கோக்' என்ற சத்தத்தைக் கேட்டு, பிள்ளைக்குத் தேங்காய் ஒத்துவராது என்று விளங்கிக்கொண்ட ஒரு குடும்பத்தைப் பார்த்தேன். சம்பலையும் சொதியையும் நிறுத்திவிட்டு, கேக்கில் கஜுவைத் தாராளமாகப் போட்டிருக்கிறார்கள். ஐரோப்பியச் சட்டம் லேபலில் எடுப்பாகக் காட்டச் சொல்லும் ஒவ்வாமைப் பொருட்கள் 14. அதில் இந்த வகைக்குள் வருபவை பாதாம், ஹேசல், வால்நட், கஜு, பெக்கான், பிரேசில் நட், பிஸ்தா, மக்கடேமியா ஆகிய 8 மட்டுமே. தேங்காய் அதில் இல்லை. கச்சானும் (நிலக்கடலையும்) இல்லை, அதற்குத் தனி இடம். கடையில் கச்சானை 'ககாவெத்' என்பார்கள், லேபலில் 'அரஷீத்' என்று இருக்கும். இரண்டும் ஒன்றுதான். கச்சான் ஒத்துக்கொள்ளாத பிள்ளை வீட்டில் இருந்தால் இந்த இரண்டு சொல்லையும் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டிவையுங்கள்.

அப்புறம் 'பாம்ப்ளமூஸ்'. சொன்ன உடனே எங்கள் ஆட்களின் முகம் மலரும், பம்பளிமாஸ்தானே என்று. பிரெஞ்சுக்காரருக்கு இந்தச் சொல் டச்சுக்காரரிடமிருந்து வந்தது. எங்கள் சொல்லும் அதுவும் சொந்தக்காரர் என்பது காதுக்கே தெரிகிறது. ஆனால் இன்றைக்குப் பாரிஸில் பாம்ப்ளமூஸ் என்று எல்லாரும் சொல்வது அந்தப் பெரிய பம்பளிமாஸை இல்லை. ஆங்கிலத்தில் கிரேப்ஃபுரூட் என்கிற, உள்ளே ரோசாவாக இருக்கும் கைப்புப் பழத்தை. கடையில் அதற்கே 'பொமெலோ' என்றும் எழுதியிருக்கும்.

கொலஸ்ட்ரோலுக்கு சிம்வாஸ்டாட்டின் எடுக்கும் ஒருவரிடம் வைத்தியர் கேட்கச் சொன்னார், பாம்ப்ளமூஸ் சாப்பிடுவீர்களா என்று. "ஊரை விட்டு வந்த பிறகு பம்பளிமாஸைக் கண்ணாலும் காணேல்லை" என்றார். தசை நோவு என்றுதான் வந்திருந்தார், அந்தக் குளிசை உடம்பில் அளவு மிஞ்சினால் வரக்கூடியது. காலையில் என்ன குடிப்பீர்கள் என்று நானே இடையில் கேட்டேன் (மொழிபெயர்ப்பாளர் அப்படிக் கேட்கக் கூடாது, தெரியும்). "ரோசா நிறத்தில ஒரு ஜூஸ்." அதேதான்.

பல மருந்துகளை உடைப்பது குடல் சுவரில் இருக்கும் ஒரு நொதி. இந்தப் பழம் அதை முடக்கிவிடுகிறது. உடைய வேண்டிய மருந்து உடையாமல் இரத்தத்தில் ஏறி, ஒரு குளிசை பல குளிசையின் வேலையைச் செய்யும். முடக்கம் ஒரு நாளுக்கு மேலும் நீடிப்பதால், காலையில் ஜூஸ், இரவில் குளிசை என்று தள்ளிவைத்தும் தப்ப முடியாது. சில கொலஸ்ட்ரோல், பிரஷர் மருந்துகளுக்கும், சிறுநீரகம் மாற்றியவர்கள் எடுக்கும் டாக்ரோலிமஸ், சைக்ளோஸ்போரின் போன்றவற்றுக்கும் இது பொருந்தும். எங்கள் பெரிய பம்பளிமாஸிலும் இதே சரக்கு உண்டு. குளிசையை நீங்களாக நிறுத்தாதீர்கள். பார்மசியில் பெட்டியைக் காட்டிக் கேட்டால் சொல்வார்கள்.

சிறுநீரக நோயாளிகளுக்கு இன்னொரு சொல்: 'கரம்போல்', வெட்டினால் நட்சத்திரமாக விழும் பழம். டயாலிசிஸ் செய்பவர்கள் அதைத் தொடவே கூடாது. விடாத விக்கலில் தொடங்கி மூளை குழம்பி, உயிருக்கே ஆபத்தாகலாம்.

இப்போது இலையுதிர் காலம், அதனால் கடைசியாக 'மரோன்'. தெருவோரத்தில் சுட்டு விற்கும் 'மரோன் ஷோ' நல்ல சாப்பாடு. ஆனால் அது உண்மையில் 'ஷத்தேஞ்', வேறு மரத்தின் காய். பூங்காக்களிலும் தெருவோரங்களிலும் கொட்டிக் கிடப்பது 'மரோன் தாந்த்', அதாவது இந்திய மரோன். பெயரில்தான் இந்தியா, மரம் பால்கன் பக்கத்தது. அது நச்சு. போன வருடம் ஒரு தகப்பன் இரண்டு பிள்ளைகளோடு அவசரப் பிரிவுக்கு வந்தார். பூங்காவில் பொறுக்கியதை வீட்டில் அவித்திருக்கிறார்கள். பிள்ளைகளுக்கு வாந்தியும் வயிற்று நோவும். "இந்தியா என்று பேர் இருக்குதே, எங்கட சாமான் என்று நினைச்சன்" என்றார். நல்ல வேளையாகக் கைப்புத் தாங்காமல் ஆளுக்கு ஒரு கடியோடு துப்பிவிட்டார்கள்.

தாதி அந்தத் தகப்பனின் பையிலிருந்து ஒன்றை எடுத்து மேசையில் வைத்துக் காட்டினார். உருண்டையாக, வழவழப்பாக, நுனியே இல்லாமல் இருந்தது. ஷத்தேஞ் என்றால் ஒரு பக்கம் தட்டையாக, நுனியில் சின்ன வால் போல ஒரு முனை இருக்கும். தோடும் வேறு: ஷத்தேஞ்சுக்கு முள்ளம்பன்றி மாதிரி அடர்த்தியான மெல்லிய முள், உள்ளே இரண்டு மூன்று காய். மற்றதற்குத் தடித்த பச்சைத் தோட்டில் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கட்டை முள், உள்ளே பெரும்பாலும் ஒற்றைக் காய். யாராவது தின்றுவிட்டால் பிரான்ஸின் அவசர மருத்துவ எண்ணான 15க்கு அடியுங்கள். மிச்சக் காயையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள், அதன் பெயரை நீங்கள் சொல்ல வேண்டியிருக்காது.