அப்ஸ்ட்ரீம் என்றால் தலைமடை

மென்பொருளில் வரும் அப்ஸ்ட்ரீம் என்ற சொல்லுக்குத் தமிழில் 'மேலோட்டம்' என்று எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். மேலோட்டம் என்றால் நமக்கு மேம்போக்காகப் பார்ப்பது, ஒரு ரெப்போவை, அதாவது நிரல் களஞ்சியத்தை, சோதிக்கும்போது செய்யவே கூடாத காரியம் அது. 'மேல்நீரோட்டம்' தப்பில்லை, ஆனால் யாரும் அப்படிப் பேசுவதில்லை. 'மூலம்' என்று போட்டால் மூல நிரலோடு குழம்பும். தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் பக்கத்துக்காரர்களுக்கு இதைத் தேட வேண்டியதே இல்லை, வாயிலேயே இருக்கிறது: தலைமடை. டவுன்ஸ்ட்ரீமுக்குக் கடைமடை.

ஸ்ட்ரீம் என்பது ஓடும் நீரைக் குறிக்கும் பழைய ஆங்கிலச் சொல், அப்ஸ்ட்ரீம் என்றால் நீர் வரும் திசை. எண்ணெய்த் தொழிலில் கிணறு தோண்டி எடுப்பதை அப்ஸ்ட்ரீம் என்றும் சுத்திகரித்து விற்பதை டவுன்ஸ்ட்ரீம் என்றும் சொல்வார்கள். மென்பொருளில், ஒரு நிரல் எழுதப்பட்டுப் பராமரிக்கப்படும் இடம் அப்ஸ்ட்ரீம். அதை எடுத்துத் தொகுத்துத் தரும் டெபியன், ஃபெடோரா போன்ற லினக்ஸ் விநியோகங்களும் அதை வைத்துச் செயலி எழுதும் நாமும் டவுன்ஸ்ட்ரீம்.

மடை என்பது தண்ணீர் திரும்புகிற வாய், சின்ன மதகு. வழக்கப்படி ஜூன் 12-ல் மேட்டூர் திறந்தால் கல்லணையில் காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் என்று பிரிந்து, அப்புறம் கிளை வாய்க்கால்களில் இறங்கி, தலைஞாயிறு, வேதாரண்யம் பக்கம் போய்ச் சேர நாளாகும். அப்ஸ்ட்ரீம் திசையைச் சொல்கிறது. தலைமடை, கடைமடை என்னும்போது ஒரே வாய்க்காலை நம்பியிருப்பவர்களின் உறவும் சேர்ந்து வருகிறது. தண்ணீர் வரவில்லை என்றால் கடைமடைக்காரர் கரையோடு மேலே நடந்து போய் எங்கே அடைத்திருக்கிறது என்று பார்ப்பார். ரெப்போ சோதனையில் நாம் செய்வதும், செய்ய வேண்டியதும் அதுதான்.

கும்பகோணத்தில் ஓர் அரிசி ஆலைக்குப் பில் போடும் செயலி எழுதுகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். செயலிக்குத் தேவையானவற்றைப் பட்டியலிடும் பேக்கேஜ்.ஜேசன் கோப்பில் நீங்களாகக் கேட்ட பொதிகள் (பிறர் எழுதிவைத்த நிரல் தொகுப்புகள்) பத்துப் பதினைந்து வரி இருக்கும். உண்மையில் இறங்கிய எல்லாவற்றையும் பதிப்போடு குறித்துவைக்கும் லாக் கோப்பைத் திறந்தால் அந்தப் பொதிகள் கேட்டவை, அவை கேட்டவை என்று நூற்றுக்கணக்கில் நீளும். ஏ, பி என்று வகை பிரித்த பெரிய வாய்க்கால்களை எல்லோரும் பார்க்கிறார்கள், சி, டி என்ற சின்ன வாய்க்கால்கள்தான் தூர்வாராமல் கிடக்கின்றன. 2021 டிசம்பரில் லாக்4ஜே என்ற ஜாவா நூலகத்தின் பாதுகாப்பு ஓட்டை வெளியானபோது பல நிறுவனங்களுக்குத் தங்களிடம் அது இருப்பதே தெரியவில்லை, வேறொரு பொதியோடு ஒட்டிக்கொண்டு வந்திருந்தது.

எக்ஸ்இசட் விவகாரம் இன்னும் மோசம். கோப்புகளைச் சுருக்கும் நிரல் அது, பல வருடம் ஒருவரே பார்த்துக்கொண்டிருந்தார். ஜியா டான் என்ற பெயரில் வந்த ஆள் இரண்டு வருடத்துக்கும் மேலாக ஒழுங்காகப் பங்களித்து, இணைப் பராமரிப்பாளராகி, 5.6.0, 5.6.1 பதிப்புகளில் பின்கதவு வைத்தார். தொலைவிலுள்ள கணினிக்குள் நுழையப் பயன்படும் எஸ்எஸ்எச்சில் உள்நுழைவு அரை விநாடி தாமதமாவதைக் கவனித்து நூல் பிடித்துப் போன ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற பொறியாளர் 2024 மார்ச் 29 அன்று அதை வெளியே சொன்னார். விஷச் சரக்கு 'சோதனைக் கோப்பு' என்ற பெயரில் ரெப்போவுக்குள்ளேயே கிடந்தது, ஆனால் அதைத் தூண்டிவிடும் வரிகள் வெளியீட்டுக்காகக் கட்டிய டார் பொதியில் (ஒரே கோப்பாகக் கட்டிய தொகுப்பில்) மட்டும்தான் இருந்தன. ரெப்போவை வரிவரியாகப் படித்தவருக்கும் அந்த வரிகள் கண்ணில் பட்டிருக்காது. அதோடு, எஸ்எஸ்எச் சேவையைத் தரும் ஓபன்எஸ்எஸ்எச் எக்ஸ்இசட்டைக் கேட்கவே இல்லை. சில விநியோகங்கள், லினக்ஸில் சேவைகளைத் தொடங்கி நிர்வகிக்கும் சிஸ்டம்டிக்காக ஓர் ஒட்டு (பேட்ச்) போட, சிஸ்டம்டி நூலகம் எக்ஸ்இசட் நூலகத்தை இழுத்துக்கொண்டு வந்தது. தலைமடை இரண்டும் வேறு வேறு, நடுவில் வெட்டிய வாய்க்காலில் கலந்துவிட்டன. ஆகவே தலைமடை எது என்று கேட்பதோடு நிற்காமல், நம் கைக்கு வந்த பொதி அந்த ரெப்போவிலிருந்துதான் கட்டப்பட்டதா, ஹாஷ் (கோப்பின் கைரேகை போன்ற எண்) பொருந்துகிறதா, இடையில் யார் என்ன ஒட்டினார்கள் என்பதையும் பார்க்க வேண்டும்.

நிறுவனத்தின் உள்பொதிக்கு இருக்கும் அதே பெயரில் பொதுவெளியில் ஒரு போலிப் பொதியை ஏற்றிவிட்டு, அதையே இறங்க வைக்கும் வித்தையை 2021-ல் அலெக்ஸ் பிர்சான் செய்து காட்டினார். டிபென்டன்சி கன்ஃப்யூஷன் என்கிறார்கள். அதற்கு மடைமாற்றம் என்பதைவிடப் பொருத்தமான சொல் எனக்குத் தோன்றவில்லை.

உரிமமும் தலைமடையிலிருந்துதான் வருகிறது. எம்ஐடி உரிமம் என்றால் பதிப்புரிமை வரியையும் உரிம வாசகத்தையும் கூடவே வைத்திருக்க வேண்டும். ஜிபிஎல் உரிமத்தில் உள்ள நிரலைச் சேர்த்து வெளியே கொடுத்தால் மூல நிரலையும் அதே உரிமத்தில் தர வேண்டும். லைசென்ஸ் கோப்பே இல்லாத ரெப்போவைப் பார்த்து 'சும்மாதானே கிடக்கு, எடுத்துக்கலாம்' என்று நினைக்காதீர்கள், உரிமம் தரவில்லை என்றால் அனுமதி இல்லை என்றுதான் அர்த்தம். ரீட்மியில் எம்ஐடி என்று இருக்கும், உள்ளே, பிறர் நிரலை நகலெடுத்து வைக்கும் வெண்டார் அடைவில் ஜிபிஎல் நிரல் உட்கார்ந்திருக்கும். உரிமம் பாதியில் மாறவும் செய்யும்: ரெடிஸ் என்ற தரவுத்தளம் 2024 மார்ச்சில் பிஎஸ்டி உரிமத்தை விட்டது, பழைய பிஎஸ்டி நிரலிலிருந்து வால்கீ என்ற தனித் திட்டம் பிரிந்தது, 2025-ல் ரெடிஸ் ஏஜிபிஎல் உரிமத்தையும் சேர்த்துக்கொண்டது. அதனால் பட்டியலில் பொதியின் பெயருக்குப் பக்கத்தில் பதிப்பு எண் இல்லாமல் உரிமத்தைக் குறிப்பதில் பிரயோசனமில்லை.

ஒன்று மட்டும் பொருந்தாது. தலைமடையில் தண்ணீரை வாரி எடுத்தால் கடைமடைக்குக் குறையும், நிரல் அப்படிக் குறைவதில்லை. குறைவது பராமரிப்பவரின் நேரமும் தெம்பும்தான், எக்ஸ்இசட்டில் அந்தச் சோர்வைப் பார்த்துத்தான் உள்ளே நுழைந்தார்கள்.

எழுதும்போது 'ஒட்டைத் தலைமடைக்கு அனுப்பியாச்சு', 'தலைமடையில் திருத்தம் வந்துவிட்டது, கடைமடைக்கு இன்னும் வரவில்லை' என்று தாராளமாக எழுதலாம். நிரலின் மாற்றங்களைப் பதிவுசெய்யும் கிட் கருவியின் கட்டளையில் வரும் அப்ஸ்ட்ரீம் பிராஞ்ச் வேறு: உங்கள் உள்ளூர்க் கிளை எந்தத் தொலைக்கிளையைப் பின்தொடர்கிறது என்பதை அது குறிக்கிறது, அந்தத் தொலைக்கிளை உங்கள் சொந்தப் பிரதியிலேயேகூட இருக்கலாம். அங்கே தலைமடை என்று போட வேண்டாம், 'பின்தொடரப்படும் கிளை' என்று எழுதுங்கள்.